தகரத்துக்கு ஏன் மூச்சு வாங்குது?

வளன் ஒயரைப் பல்லால் கடித்து உரித்தான். கத்தி தேட நேரமில்லை. கீழே, நிலக்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டை மண்டி வாசலில், லாரியின் பின்கதவு திறந்துவிட்டது. வரிசை நகர ஆரம்பித்திருந்தது. அந்த வரிசையில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு அவன் அக்கா ரோஸ்லின் நின்றாள்.

"ஜல்தி மச்சி! அக்காவுக்கு முன்னாடி நாலு பேருதான்!"

மொட்டை மாடியின் மறு ஓரத்திலிருந்து பிரவீன்குமார் பதறினான். அவன் கையில் மைக். மைக்குக்கு எதிரே, மண்டியைப் பார்த்துத் திருப்பி வைத்த கூம்பு ஸ்பீக்கர்கள்.

தகரங்கள் என்று ஊர் பேர் வைத்த அந்த இரும்பு உருவங்கள் திண்டிவனத்துக்கு வந்து ரெண்டு மாதம். எங்கிருந்து வந்தன, எதற்கு வந்தன, ஒருவருக்கும் தெரியாது. வந்த அன்றைக்கே வளனின் அப்பா சவரிநாதனின் மைக் செட் கடைக்குள் புகுந்து கேசட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போயின. மறுநாள் தமிழ் பேசின. எல்லாத் தகரத்துக்கும் ஒரே குரல், எவளோ ஒரு பெண்ணின் குரல். திருவிழாக் கூட்டத்துக்குப் பேசிய கேசட்டு போலிருக்கிறது. நாள் குறித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு இளவட்டங்களை லாரியில் ஏற்றும்போதும், "அன்பான பொதுமக்களே, தள்ளாம, முட்டாம வாங்க. செருப்ப அவங்கவங்க பாத்துக்குங்க" என்றுதான் சொல்லும். நெடுஞ்சாலையில் வடக்கே போன லாரிகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. போனவர்களின் செருப்பு மட்டும் மண்டி வாசலில் குவிந்து கிடந்தது.

அவற்றை வீழ்த்தும் வழியும் மைக் செட்டில்தான் இருந்தது. தகரங்கள் வந்த முதல் வாரம், ஒரு காதுகுத்து வீட்டில் பிரவீன் மைக்கைத் தெரியாமல் ஸ்பீக்கருக்கு நேரே நீட்டிவிட்டான். ஊய்யென்று காது கிழிந்தது. வாசலில் நின்ற ரெண்டு தகரங்கள் பந்தல் காலோடு சாய்ந்தன. தொண்டைப் பக்கம் புகை வந்தது. அதற்குப் பிறகு அவை எழுந்திருக்கவுமில்லை, பேசவுமில்லை.

வழி தெரிந்தும் என்ன பிரயோஜனம்? முதல் தடவை பேட்டரியைக் காணோம். அடுத்த தடவை பியூஸைக் காணோம். வளன் பிரவீனைத் திட்டினான், பிரவீன் வளனைத் திட்டினான், நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டிலோ அதைவிடப் பேஜாரு. தினமும் சாயங்காலம் அப்பா மண்டி கேட்டுக்குப் போய், கைகட்டி, தகரத்தின் முன்னால் நின்றுகொண்டிருப்பார். ஊரே சிரித்தது. ஒரு நாள் சாப்பிடும்போது ரோஸ்லின் அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டினாள். "தள்ளாம... ஹ்ஹ்... முட்டாம... ஹ்ஹ்... வாங்க! ஏன்டா வளன், தகரத்துக்குப் போய் மூச்சு வாங்குது?"

அப்பா தட்டைத் தூக்கி எறிந்தார். சோறு சுவரில் அடித்து, வளன் பிறந்த வாரமே செத்துப்போன அம்மா அற்புதமேரியின் போட்டோ மேலெல்லாம் தெறித்தது.

வளன் செம்புக் கம்பியை முறுக்கி ஸ்பீக்கரில் கொடுத்தான். "போடு மச்சி!"

பிரவீன் மைக்கை ஸ்பீக்கர் வாய்க்குள்ளேயே திணித்தான். சத்தம் இல்லை. ஒரு கொரகொரப்புகூட இல்லை.

"மறுபடியுமா! சாவுகிராக்கி செட்டு!" பிரவீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வளன் ஒயரைப் பிடித்துக்கொண்டே மாடிப்படியில் இறங்கினான். கீழே கடையில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. படி திரும்பும் இடத்தில் ஒயர் அறுந்து கிடந்தது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பிளையர்.

"நீயாப்பா?" வளன் பிளையரைப் பார்த்தான். "பேட்டரியும் நீதானா? பியூஸும்?"

"வாணாம்டா. அதோட தொண்டைய கருக்காதடா."

"தகரம்ப்பா அது! அதுக்குப் போய் ஜால்ரா போட்டுக்கினு கீறியே, வெக்கமா இல்ல? அக்கா அங்க வரிசையில நிக்குது!"

சவரிநாதன் நிமிர்ந்தார். "ரோஸ்லின் பேரு நாளைக்குன்னு இல்ல சொன்னாங்க?"

"இன்னிக்கே கூப்ட்டாச்சு. லாரிகிட்ட போயிருக்கும்."

பிளையர் படியில் உருண்டது. அவர் தாவி அறுந்த ரெண்டு முனையையும் எடுத்தார். வளன் அரை நாழி உரித்த ஒயரை நகத்தாலேயே ஒரு இழுப்பில் உரித்தார். முனைகளைக் கிட்டே கொண்டுவந்தார். தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது கை நின்றது.

"சேருப்பா! என்னாத்துக்கு நிக்கிற?"

"சேக்கறேன்டா. சேத்துடறேன். அது சொல்லிக்கினு இருக்கறத முடிச்சிடட்டும்."

ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. 'கொழந்தைங்கள... ஹ்ஹ்... கையில புடிச்சிக்குங்க...'

"உனக்கு இன்னா பைத்தியமாப்பா?"

"திருவக்கர கோயில் பௌர்ணமிக்கு நம்ம மைக் செட்டு. பேச வரேன்னவன் வரல. நான் பேசறேன்னு உங்கம்மா மைக்க வாங்கிச்சி. உக்காந்து பேசு மேரின்னேன். கேக்கல. அந்த ஒரு கேசட்டுதான்டா இருந்துச்சி." அவர் கண் கம்பியை விட்டு நகரவில்லை. "மூச்சு வாங்காம இன்னா பண்ணும்? நீ வயித்துல ஏழு மாசம்."

மாடியிலிருந்து பிரவீன் வளனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். வளன் அப்பாவின் ரெண்டு கையையும் பிடித்தான். வெளியே அந்தக் குரல், அடுத்த வார்த்தைக்கு முன்னால், மூச்சு வாங்க நின்றது.