அரை அடி

அவள் சிரிப்பின் விலை அரை அடி. துணிக்கடைக்காரன் அளந்தது, கூடக் குறைய இருக்காது.

அவன் கடையில் ஓர் அங்குலம் கூடுதலாகக் கிழித்து வாங்கியவர் எவருமில்லை. அந்தக் கறார்க்காரனுக்கு வாய்த்தவள் குத்துச்சண்டைக்காரி. பயிற்சிக்கூடத்தில் அவனுக்குப் பெயர் ‘சுவரு’. மேடையேறுமுன் அவள் முழங்கையை மடக்கி, முஷ்டியை அவன் உள்ளங்கையில் பதித்து, நாலைந்து நொடி முழு மூச்சாகத் தள்ளுவாள். அவன் நகரக் கூடாது. நகராததைத் தள்ளினால்தான் தோளும் முதுகும் விழித்துக்கொள்ளும். சற்று ஓய்ந்து குத்தினால் குத்தில் விசை கூடும்.

போன பருவத்தில் அவளுடைய வலது தோள் பிசகியது. இன்னொரு முறை பிசகினால் அந்தக் கை மேடைக்கு உதவாது என்றார் மருத்துவர். ஆறிவிட்டது என்று சாதித்தாள் அவள். கடைசியில் கணவனோடு ஓர் ஒப்பந்தம்.

“போட்டியன்னிக்கு நீங்களே சொல்லுங்க. பலமில்லேன்னா இல்லேன்னு சொல்லிடணும். நான் ஏற மாட்டேன்.”

அந்த நாள் வந்தது. உடைமாற்றும் அறையில் முதலில் இடது முஷ்டி. குதிகாலை ஊன்றி அவன் தாங்கினான். அடுத்து வலது. துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற கை மாதிரி வந்து உட்கார்ந்தது. அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அவன் உள்ளங்கையில் ஒன்றுமில்லை.

“என்ன சுவரு, பேச்சையே காணோம்? பேரம் படியலையா?” என்றார் பயிற்சியாளர்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரின் கெஞ்சலுக்கு மசியாதவன், அரை அடி பின்னால் போய் பெஞ்சில் இடித்துக்கொண்டான்.

“அம்மாடி! ஆளைக் கொன்னுடுவ போலிருக்கே.”

அவள் சிரித்தாள். தோள் பிசகிய பிறகு வந்த முதல் சிரிப்பு.

இரண்டாவது சுற்றில், வலது கையை நம்பி வீசினாள். குத்து போய்ச் சேர்ந்தது. கை திரும்பவில்லை.

கட்டுப் பிரித்த வாரம், கடையடைத்து வந்தவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

“கொஞ்சம் நில்லுங்க.”

இடது முஷ்டியை அவன் உள்ளங்கையில் வைத்துத் தள்ளினாள். பழக்கதோஷம், அவன் ஊன்றி நின்றுவிட்டான்.

“நல்லா இருக்கிற கைக்கே நகரலையே நீங்க.”

அவன் உள்ளங்கையை இறக்கினான். “நீ அவ்வளவு ஆசைப்பட்டே” என்றான்.

“ஆசை எங்கிட்டயே நிறைய இருந்துச்சுங்க. அளவு சொல்றதுக்குத்தான் உங்கள வச்சிருந்தேன்.”

சொல்லிவிட்டு, இடது கையாலேயே அவனுக்குத் தட்டு வைத்தாள்.

சாப்பிடாமல் அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். கொடுத்தது அரை அடி. வந்தது ஒரு சிரிப்பு. போனது அவளுடைய வலது கை. அந்தப் பாக்கியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேரமாவது பேசியிருக்கலாம்.