ஆமையின் பெயரில்

இருட்டு விலகும் முன்பே ஐஸ் ஆலையின் கதவு திறந்துவிடும். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தகரப் பெட்டிகளைச் சங்கிலி தூக்கும். அவற்றைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைக் கொக்கியால் இழுத்து, மேடைவரை தள்ளி, வேனில் ஏற்றுவது என் வேலை. கையுறை இரண்டிலும் ஓட்டை. விரல்கள் முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும். முதுகில் வேர்வை ஓடும், கையில் உயிர் இருக்காது. பாளங்களுக்கு நடுவே மரத்தூளைக் கொட்டி, சாக்கைப் போர்த்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் வண்டி தயார்.

வாசலில் முதலாளி நிற்பார்.

"கிளம்புங்க, கிளம்புங்க. நீங்க வர்ற வரைக்கும் ஐஸ் காத்துக்கிட்டு இருக்குமா?"

மீன் சந்தை ஊரின் மறுகோடியில் இருந்தது. இறக்கும்போது அங்கே எடை போடுவார்கள். வழியில் உருகி ஓடியது எவ்வளவோ, அது ஓட்டுநரின் கூலியில் கழியும். இதற்கு உருகல் கழிவு என்று முதலாளி பெயர் வேறு வைத்திருந்தார். வெயில் செய்கிற வேலைக்கு மனுஷனைத் தண்டிக்கிற கணக்கை எந்தப் பள்ளியில் படித்தாரோ தெரியாது.

ஊருக்குள் வேகம் முப்பதுதான். பள்ளிக்கூடத்து வளைவில் ஒரு குழந்தை அடிபட்டுச் செத்த பிறகு வைத்த பலகை அது. கம்பங்களில் கேமராவும் வந்தது. பலகையை எங்களில் யாரும் குறை சொன்னதில்லை. எங்கள் பிள்ளைகளும் அந்த வளைவில்தான் சாலையைக் கடக்கிறார்கள். ஆனால் முப்பதில் போனால் கூலி ஒழுகும், அதைத் தாண்டினால் கேமரா மின்னும். ஒரே வருஷத்தில் மூன்று முறை மாட்டினால் லைசென்ஸ் போய்விடும்.

கேமராவுக்கு வண்டியின் எண்தான் தெரியும், ஓட்டியவர் முகம் தெரியாது. நோட்டீஸ் முதலாளிக்கு வரும். யார் ஓட்டியது என்று அவர் ஒரு பெயரை எழுதி அனுப்புவார். இங்கேதான் எங்கள் ஓட்டுநர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியவனைக் காப்பாற்ற, மாட்டாதவர் பெயரைக் கொடுப்பது. முதலாளியும் சிரித்துக்கொண்டே எழுதினார், அவருக்கு வண்டி ஓடினால் போதும்.

மாட்டாதவர் என்று இருந்தது ஒரே ஒருவர். அவரை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். முள் முப்பதைத் தொட்டாலே காலை எடுத்துவிடுவார். கழிவு போக மிஞ்சியதை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போவார். அவர் வண்டியில்தான் நானும் இறக்குவதற்குப் போவேன்.

"அண்ணே, நான் இறங்கி நடந்தா உங்களுக்கு முன்னாடி சந்தைக்குப் போயிடுவேன்" என்பேன்.

"போம்மா. போய் எனக்கும் ஒரு டீ சொல்லி வை" என்பார்.

யாராவது வந்து தலையைச் சொறிந்தால் அவருக்கு மறுக்கத் தெரியாது. சக ஓட்டுநர்களுக்காக இரண்டு பழிகளை ஏற்றுக்கொண்டார். ஊரிலேயே மெதுவாக ஓட்டுகிற மனிதர் காகிதத்தில் பெரிய வேகக்காரர் ஆகிவிட்டார். இன்னும் ஒன்று விழுந்தால் லைசென்ஸ் ரத்து. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

ஒரு நாள் காலையில், அதே பள்ளிக்கூடத்து வளைவில், தெரு கூட்டும் பெண் ஒருத்தியை எங்கள் ஆலையின் வேன் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டது. ஓட்டியவன் ஆமை அண்ணனின் மச்சான், அவர் மனைவிக்குத் தம்பி. மயங்கிக் கிடந்தவளைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். பெயரைக் கேட்பதற்குள் பயந்து ஓடி வந்துவிட்டான். அவளுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்ற செய்தி பின்னாலேயே வந்தது. மச்சான் மேடையோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

முதலாளி ஆமை அண்ணனை அறைக்குள் கூப்பிட்டார். தார்ப்பாயை மடித்தபடி நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"உக்காரு" என்றார் முதலாளி. அவர் ஒரு தொழிலாளியை உட்காரச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "கேமராவுல வண்டி விழுந்திருக்கு. போலீஸ் வரும். நீ ஓட்டினதாச் சொல்லிடு."

"நான் ஓட்டலையே முதலாளி."

"முன்னாடி ரெண்டு தடவை மட்டும் நீயா ஓட்டின? உன் லைசென்ஸ் இன்னிக்கு இல்லைன்னா நாளைக்குப் போகப்போகுது. உன் மச்சான் சின்ன வயசு. பொண்டாட்டி மாசமா இருக்கா. அவனை உள்ள அனுப்பிட்டு உன் வீட்டுக்காரி முகத்துல எப்படி முழிப்ப?"

"மாட்டேன்னு சொன்னா?"

"பொய்ப் பேரு குடுத்தியே, அதுவும் குத்தம்தான். அதை நான் போய்ச் சொல்லணுமா?"

எழுதி அனுப்பியது அவர் கை. குற்றம் மட்டும் இவருக்கு! கொக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாமா என்றிருந்தது எனக்கு.

அண்ணன் வெளியே வந்து ஈர மேடையில் உட்கார்ந்தார். செல்போன் அடித்தது. அவர் மனைவி அழுவது எனக்கே கேட்டது.

"அவன் என் தம்பிங்க... நீங்க என் புருஷன். நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவர் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராத்தான் இருக்கும்மா" என்றார். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைகள் அன்றுதான் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கிடந்தன.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மேலே பளபளக்கும் பச்சை மேல்சட்டை, கையில் நீளத் துடைப்பம். அடிபட்டவளின் தங்கை. அவளும் தெரு கூட்டுகிறவள்தான். அவளுக்குப் பின்னால் அதே மேல்சட்டையில் இன்னும் சிலர்.

"எங்க அக்காவை இடிச்சது யாரு?"

முதலாளி வேகமாக வந்து அண்ணனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இதோ இவன்தான். ஏற்கெனவே ரெண்டு தடவை மாட்டினவன். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு."

அண்ணன் தலை நிமிரவில்லை. அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இவரா? நாங்க ரோட்டுல கூட்டுறப்போ வண்டியை நிறுத்தி, நாங்க ஒதுங்கினப்புறம் போறவரு இவர் ஒருத்தர்தான். இவர் இல்லை. யாருன்னு சொல்லுங்க."

மச்சான் எழுந்து வந்தான்.

"நான்தான்கா."

அவள் அறையக் கை ஓங்கினாள். அவன் முகத்தைத் திருப்பாமல் நின்றான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அப்படி என்னடா அவசரம் உனக்கு? யாரு உன்னைத் துரத்தினா?"

அவன் முதலாளியைப் பார்த்தான். பிறகு ஓட்டுநர்கள் பார்த்தார்கள், ஏற்றுகிறவர்கள் பார்த்தார்கள். முதலாளி கையை அண்ணனின் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"என்ன பாக்குறீங்க? வேகமா ஓட்டுன்னு நான் என்னிக்காவது சொன்னேனா?"

"சொல்லல" என்றேன் நான். "உருகினா கழிப்பேன்னு சொன்னீங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

"எங்களுக்கும் இதே கதிதான்" என்றாள் அந்தப் பெண். "விடியறதுக்குள்ள கூட்டி முடிக்கணும்னு விரட்டுறாங்க. அந்த வளைவுல ஒரு விளக்குகூட எரியாது."

மச்சான் போலீசுக்குப் போய் உண்மையைச் சொல்வதென்றும், எல்லோரும் கூடப் போவதென்றும், பழைய பழிகளை அவரவர் திரும்ப வாங்கிக்கொள்வதென்றும் மேடையிலேயே முடிவாயிற்று. ஒரு ஓட்டுநர் மட்டும் கையைப் பிசைந்தார்.

"உண்மையைச் சொன்னா என் லைசென்ஸ் போயிடுமே!"

"போனாலும் போகும்" என்றார் ஆமை அண்ணன். "ஆனா எல்லாருக்கும் போயிட்டா ஐஸை யாரு ஓட்டுவா? முதலாளி தலையில சுமந்துட்டுப் போவாரா?"

அன்றைக்கு முதல் முறையாக எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இனி ஊருக்குள் ஒருவரும் முப்பதைத் தாண்டுவதில்லை, எவ்வளவு உருகினாலும் கூலியில் கழிக்கக் கூடாது என்று முதலாளியிடமே சொன்னோம். ஆலையை இழுத்து மூடிவிடுவேன் என்று கத்தினார்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சான் மேல் வழக்கு. அண்ணனின் லைசென்ஸுக்கு விசாரணை. எது எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் விடியலில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. முன்னால் ஆமை அண்ணன், பக்கத்தில் நான். முள் முப்பதிலேயே நின்றது. பின்பக்கம் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணனின் செல்போனில் முதலாளியின் அழைப்பு வந்து வந்து அடங்கியது. எனக்கு உள்ளுக்குள் பயம்தான், இல்லையென்று சொன்னால் பொய்.

பள்ளிக்கூடத்து வளைவில் பச்சை மேல்சட்டைகள் தெரிந்தன. அடிபட்டவளின் தங்கை துடைப்பத்தைச் சாலைக்குக் குறுக்கே நீட்டினாள். அண்ணன் வண்டியை நிறுத்தினார். அக்கா விழுந்த இடத்தை அவள் நிதானமாகக் கூட்ட ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஐஸ் உருகுது."

"அவங்க கூட்டி முடிக்கட்டும்மா."

பின்னால் நின்ற வண்டிகளில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.