சுழல்வெட்டின் பலம் குறைக்கப்பட்டது

பொம்மையை அடிப்பதுதான் அவளுடைய வேலை. கணினித் திரையில் ஒரு வைக்கோல் பொம்மை தேமே என்று நிற்கும். அதன் முன்னால் வீரனை நிறுத்தி, அவனிடம் உள்ள வித்தைகளை ஒவ்வொன்றாக ஏவி, பொம்மையின் தலைக்கு மேல் எவ்வளவு சேதம் என்று எழும்பும் எண்ணைச் சரிபார்ப்பாள். விளையாட்டுக் கம்பெனியில் அவளுக்குக் கால்குலேட்டர் என்று பட்டப்பெயர். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் எண்கள் மிதந்துகொண்டிருக்கும். அதனால் அந்த விளையாட்டை அவள் வீட்டில் தொட்டதே இல்லை.

விளையாடியது அண்ணன். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போனதும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அதைக் காணப் பொறுக்காமல் அவள்தான் விளையாட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்ற வித்தைகளுக்கு இரண்டு கையும் வேண்டும். சுழல்வெட்டுக்கு ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும், வீரன் வாளோடு பம்பரமாய்ச் சுற்றுவான். இடது கையாலேயே அண்ணன் அதில் கில்லாடியாகிவிட்டார். இணையத்தில் முகம் தெரியாத நாலைந்து பேர் அவரைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டு டிரைவர் என்று கூப்பிட்டார்கள். பெரிய மிருகம் எதிரே வந்தால் டிரைவரைத்தான் முன்னால் அனுப்புவார்கள்.

பிறகுதான் புகார்கள் வந்தன. சுழல்வெட்டு இருந்தால் வேறெதுவும் தேவையில்லை, எல்லாரும் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், விளையாட்டே சப்பென்று ஆகிவிட்டது என்றார்கள். மேலாளர் அதைத் தூக்கி அவள் தலையில் போட்டார். அவள் பொம்மையை அடித்து அடித்து, கடைசியில் கோளாறைப் பிடித்துவிட்டாள். வீரன் விரலில் போட்டுக்கொள்ளும் விஷ மோதிரம் தரும் கூடுதல் பலம் வாள்வீச்சுக்கு ஒரு முறை சேர்ந்தது. அந்த வெட்டிலிருந்து ஊறும் விஷத்துக்கு, ஏற்கெனவே கூடிய எண்ணின் மேலேயே மறுபடியும் சேர்ந்தது. நூறு இருநூறாகி நிற்க வேண்டிய இடத்தில் நானூறாகிக்கொண்டிருந்தது.

கண்டும் காணாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மற்ற வித்தைகள் எல்லாம் தொடுவாரில்லாமல் கிடந்தன. அவற்றின் எண்களையும் அவள்தானே பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தாள்? திருத்தினாள். ஒற்றைப் பொத்தானோடு ஆடுகிறவர்களுக்கு ஈடாக ஏதாவது கொடுக்கலாமே என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள். அடுத்த முறை பார்க்கலாம் என்றார். மல்லுக்கு நிற்க அவளிடம் தெம்பு இல்லை. திருத்தம் வெளிவரும் முன் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது கம்பெனி விதி. அந்த வாரம் முழுக்க அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தாள்.

திருத்தம் வெளியான அன்று சாயங்காலம் அண்ணி கதவைத் திறந்தபடியே குரலைத் தாழ்த்தி, மத்தியானத்திலிருந்து அவர் வாயே திறக்கவில்லை என்றாள்.

அண்ணன் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது உன் வேலையா?"

"ஆமாண்ணா."

"நான் ஏதாவது தப்பா ஆடினேனா?"

"இல்லண்ணா. தப்பு எங்களோடது. அது ரெண்டு தடவை சேர்ந்துட்டு இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். மிருகத்திடம் அவருடைய வீரன் மூன்றாவது முறையும் செத்து விழுந்த பிறகு அணித்தலைவன் ரொம்ப மரியாதையாக வேறு அணி பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தான்.

"டிரைவரையே பஸ்ஸ விட்டு எறக்கிட்டாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இன்னும் இரண்டு மோதிரம் சம்பாதித்துப் போட்டால் பழைய பலம் வருமா என்று கேட்டார். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் விளக்கினாள். மோதிரம், கச்சை, வாள் என்று எதில் வரும் கூடுதலும் ஒரே கூடையில்தான் விழும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஒரு முறைதான் கணக்கில் எடுப்பார்கள். கூடை ஏற்கெனவே நிறைந்திருப்பதால், இன்னும் எவ்வளவு கொட்டினாலும் வெட்டின் பலத்தில் பெரிதாகத் தெரியாது.

"அப்ப வழியே இல்லையா?"

"எதிரி மேல சாபம் போட்டா அது தனிக் கணக்கு. கூட்டி வந்த மொத்தத்தையும் அது பெருக்கும். இருநூறு முந்நூறாகும். ஆனா சாபம் போட இன்னொரு ஆள் வேணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நீ வருகிறாயா என்று அண்ணன் கேட்கவில்லை. சரி, நீ போய்ப் படு, முகமெல்லாம் வாடிக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டிருந்தால்கூட முடியாது என்று சொல்லியிருப்பாள்.

உள்ளே போய் முகம் கழுவினாள். கட்டிலில் சாய்ந்தாள். உடம்பு அடித்துப் போட்டது போல வலித்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மனதுக்குள் எல்லாரையும் திட்டிக்கொண்டே எழுந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, மடிக்கணினியோடு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு ஆட்டம்தான்" என்றாள்.

சாபக்காரி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மிருகத்தின் முன்னால் போனவள், போன வேகத்தில் செத்தாள். இத்தனை வருஷமாகத் திருப்பி அடிக்காத எதிரியையே அடித்துப் பழகிவிட்டாள். ஒதுங்கத் தெரியவில்லை, ஓடத் தெரியவில்லை. சாபத்தையும் மிருகத்தை விட்டு மரத்தின் மேல் போட்டாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. லெஃப்ட்ல வா, என் பின்னாடியே வா என்று பழைய அதட்டலோடு வழி சொல்ல ஆரம்பித்தார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

மிருகம் அன்று விழவில்லை, மறுநாளும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ஒருவழியாக விழுந்தது. முன்பெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் சாய்ந்துவிடும் அது, இம்முறை இருவரையும் நாக்குத் தள்ள வைத்துவிட்டுத்தான் செத்தது. அண்ணன் இடது கையை உதறிவிட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றாள் அண்ணி.

"இது முடிஞ்சுது. அடுத்தது கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"அதுக்குள்ள நான் கொஞ்சம் கண்ண மூடிக்கிறேண்ணா" என்று சொல்லி, உட்கார்ந்த நாற்காலியிலேயே அவள் தூங்கிப்போனாள்.