குப்பை மெஷினின் வெள்ளைத் தகடு

குப்பை பிரிக்கிற மெஷினைக் கம்பெனிக்கே திருப்பி ஏற்றிக்கொண்டு போக லாரி வந்து நின்றுவிட்டது. மெஷின் போனால் என் வேலையும் அதே லாரியில் போய்விடும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலையில்லாமல் எருமப்பட்டி வீட்டில் உட்கார்ந்தால், அடுத்த முகூர்த்தத்தில் எவனுக்காவது கட்டிவைக்கத் தயாராக இருக்கிறார்கள்.

"ஆயுத பூசை வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. அதுக்கப்புறம் படுத்துக்கிச்சு" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்த ஓனர் குழந்தைவேல், என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்த அம்மிணி படிச்ச?"

"இதைத்தானுங்கண்ணா படிச்சேன்."

"அப்ப ஓட்டிக் காட்டு."

நாமக்கல்லுக்கு வெளியே இருக்கிறது எங்கள் குப்பைக் கிடங்கு. பெல்ட்டில் குப்பை ஓடும்போது, மேலே இருக்கும் கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அதைப் பார்க்கும். பால் கவர் அந்த ஒளியை ஒரு மாதிரி திருப்பும், தண்ணீர் பாட்டில் ஒரு மாதிரி, பைப்புத் துண்டு வேறு மாதிரி. அதை வைத்து இன்னதென்று கண்டுபிடித்துக் காற்றை ஊதி அந்தந்தத் தொட்டிக்குத் தள்ளும். பூசைக்குப் பிறகு எல்லாம் 'தெரியாதவை' தொட்டியில்தான் விழுந்தது. லென்ஸைத் துடைத்தேன். விளக்கை மாற்றினேன். கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்கிறான். அதற்கு ஒரு கம்பெனி, அவனுக்கு ஒரு டை.

கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று, மெஷினோடு வந்த வெள்ளைத் தகட்டைக் கேமராவுக்கு அடியில் தள்ளப்போனேன். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

குப்பை பெல்ட்டில் ஏறுமுன் கல்லையும் இரும்பையும் பொறுக்கி எடுக்கிற குஞ்சம்மாளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இந்தத் தகட்ட என்ன பண்ணீங்க?"

"பூசைக்குப் பொட்டு வெச்சேன் கண்ணு. மெஷின்ல எங்க பாத்தாலும் புழுதி. அது ஒண்ணுதான் மூஞ்சியாட்டப் பளிச்சுன்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"குங்குமம் போவுல. எண்ணெ தொட்டுத் தேச்சேன். முழுக்கத் தேச்சேன். திட்டுத்திட்டா இருந்தா நீதான திட்டுவ?"

மெஷின் தினமும் காலையில் அந்தத் தகட்டைப் பார்த்துத்தான் வெள்ளை எது என்று தெரிந்துகொள்ளும். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் பிரிக்கும். எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஒளியை விழுங்குவது ஏறக்குறைய ஒரே இடத்தில். எண்ணெயையே வெள்ளை என்று நம்பிவிட்ட மெஷினுக்குப் பால் கவரில் என்ன தெரியும்? யாரைத் திட்டுவது? நான் இருந்திருந்தால் தகட்டைத் தொடவிட்டிருக்க மாட்டேன். "பூசையன்னிக்குக் கருவியத் தொடப்படாது, ஊட்டுக்குப் போ" என்று அன்றைக்கு என்னை அனுப்பிவைத்த ஓனர் இதோ லாரிக்காரனுக்கு டீ வாங்கித் தருகிறார்.

பக்கத்தில் லாரி பாடி கட்டுகிற பட்டறை. பெயிண்டர் பொன்னனிடம் வாட்டர் எமரி உப்புத்தாள் கேட்டேன்.

"லாரிக்கு பெயிண்ட் அடிக்கப் போறியா?"

"குடுங்கண்ணா, வந்து சொல்றேன்."

குழாயடியில் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தகட்டைத் தேய்த்தேன். குழந்தைவேல் ஓடி வந்தார்.

"ஏம்மிணி, திருப்பிக் குடுக்கற சாமானு. கீறல் உளுந்தா எங்கிட்டயல்ல கேப்பான்?"

"எண்ணெ உள்ள எறங்கிருச்சுங்க. மேல்தோலை எடுத்தாத்தான் போகும். தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

"உங்கப்பன்கிட்ட இப்பிடித்தான் பேசுவியா?"

"இதவிட மோசமாப் பேசுவேன்."

வெள்ளை வெள்ளையாய்ப் பொடி கரைந்து ஓடியது. எண்ணெய் போனதற்கு அடையாளமாகத் தண்ணீர் ஒட்டாமல் உருளத் தொடங்கியதும் துடைத்துக் காயவைத்து, கேமராவுக்குக் காட்டினேன். பெல்ட்டைப் போட்டேன். குஞ்சம்மாள் ஒரு கூடைக் குப்பையைக் கொட்டினார். டப், டப் என்று காற்று ஊதியது. பால் கவர் பால் கவரோடு விழுந்தது, பாட்டில் பாட்டிலோடு. பைப்புத் துண்டு ஒன்று தனியே போய் உட்கார்ந்தது.

"ஏனுங்க, மெஷின ஏத்தறதா, வேண்டாமா?" என்றார் டிரைவர்.

"வேண்டாம். வந்த வண்டி சும்மா போகப்படாது, மேட்டூருக்கு பிளாஸ்டிக் பேல் ஏத்திட்டுப் போ" என்ற குழந்தைவேல், மீசையைத் தடவிக்கொண்டார். "பூசை வீண் போகல பாத்தியா?"

"பூசைதானுங்கண்ணா அதைப் படுக்க வெச்சுது."

அவர் காதில் விழாத மாதிரி அமுக்கிக் கட்டிய பேல்களை அடுக்கப் போனார். போகிற போக்கில், "நாளைக்கு நேரத்துல வந்துரு" என்றார்.

சாயங்காலம் தகட்டைத் துணியில் சுற்றி, டிபன் பையில் போட்டேன்.

"அத எங்க எடுத்துட்டுப் போற?" என்றார் குழந்தைவேல்.

"ஊட்டுக்குங்க. காலைல கொண்டாரேன்."