எண்பதுக்குக் கீழே

எண்பத்தாறு புள்ளி நான்கு. ஏழாவது வாரமாக அதே எண். இறங்கிவிட்டு மறுபடி ஏறினேன். செருப்பைக் கழற்றியாயிற்று, கைக்கடிகாரத்தைக் கழற்றியாயிற்று, தலைத்துணியில் குத்தியிருந்த ஊசியைக்கூட எடுத்து மேசைமேல் வைத்தாயிற்று. அந்தப் பாழாய்ப்போன எடைக்கருவிக்கு என்மேல் என்ன கோபமோ, அசையவே இல்லை.

மிஸ் யாப் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எடை குறைய வயிற்றை வெட்டிக்கொண்டவர்களுக்கு எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"டியாக்கா, இதுல எல்லாத்தையும் எழுதுறீங்கதானே?"

"எதை மறைச்சேன்னு நினைக்கிறீங்க மிஸ்?"

"மறைச்சீங்கன்னு சொல்லல. மைலோ ரெண்டு வாய், சமைக்கும்போது ருசி பாக்குறது, இதெல்லாம் சில பேருக்கு எழுத மறந்துடும்."

"எனக்கு மறதி கிடையாது. ஸ்கூல் வேன் ஓட்டி இருபத்து மூணு பிள்ளைங்களை ஏத்தி இறக்குறேன். இருபத்து மூணு வீடும் தலையிலதான் இருக்கு. நேத்து நான் சாப்பிட்ட மீன் துண்டு மறந்துடுமா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அரை முட்டை, மதியம் உள்ளங்கை அளவு மீன், இரவு இரண்டு கரண்டி தோஃபு. இதைத் தின்று ஒரு பூனைகூட உயிரோடு இருக்காது. ஆனால் நான் மட்டும் எண்பத்தாறு புள்ளி நான்கு கிலோ இருக்கிறேனாம்.

"உடம்பு பழகிக்கிட்டு இருக்கு" என்றாள் மிஸ் யாப். "எல்லாருக்கும் இப்படி ஒரு இடத்துல நிக்கும். அதுபாட்டுக்கு மறுபடி இறங்கும். புரதம் குறையாமப் பாத்துக்குங்க, நடங்க. தண்ணி ரெண்டு லிட்டர், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா. அதுல மட்டும் விளையாடாதீங்க."

"எப்போ இறங்கும்?"

"தேதி சொல்ல முடியாதுக்கா. பொறுமையா இருங்க."

எனக்கென்ன, நான் பத்து வருடம் பொறுப்பேன். என் மகள் இர்தினாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. இருபத்து மூன்று வயதில் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், அவள் ரத்தத்தைக் கருவி வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்புகிறது. இடது கையில் ஊசி போடும் இடம் புடைத்துப்போய், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையோடு திரிகிறாள். என் கணவருக்குச் சர்க்கரை, அவர் கிட்னி ஆகாது. என்னுடையது பொருந்தியது. அன்று கிட்னி டாக்டர் கமாருல் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு கிட்னியும் பளிச்சுனு இருக்கு. எடைதான் பிரச்சனை. எண்பதுக்குக் கீழ வந்துட்டா ஒண்ணை எடுத்து மகளுக்கு வச்சிடலாம்" என்றார். அப்போது நான் நூற்றுப் பத்தொன்பது.

பட்டினி கிடந்து ஒன்பது கிலோ குறைத்து, பதினோரு கிலோ ஏறினேன். அதற்குப் பிறகுதான் வயிற்றை வெட்டக் கையெழுத்துப் போட்டேன். முக்கால் வயிறு போயிற்று. முதல் ஐந்து மாதம் எடை கொட்டியது, கூடவே தலைமுடியும் கொட்டியது. போகட்டும் என்று விட்டேன். எண்பத்தாறு வந்ததும் எல்லாம் நின்றது, முடி கொட்டுவதைத் தவிர.

அந்தச் சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் கல்யாண விருந்து. போகாவிட்டால் பேசுவார்கள், போனாலும் பேசுவார்கள். ரெண்டாங் கறியில் ஒரே ஒரு துண்டை எடுத்து, நான் மென்றுகொண்டே இருந்தேன். மணப்பெண்ணின் பெரியம்மா ஹஸ்மா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி டியா, குருவிக்கு வச்ச மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் போடவா?"

"போதும்க்கா. இறங்காது."

"வயித்தையே வெட்டி எறிஞ்சுட்டேன்னாங்க. அப்புறமும் கதவுல இடிச்சுக்கிட்டுத்தானே வர்றே. டாக்டர் வேற எதையாவது வெட்டிட்டாரோ என்னமோ."

பந்தலே சிரித்தது. இர்தினா என் பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் அவளுக்குக் கூடாது. குடித்தால் கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். அவள் மெதுவாக என் முழங்கையைப் பிடித்தாள். "மா, வா, போலாம்" என்றாள். அவள் பிடித்திருக்காவிட்டால் அந்த ரெண்டாங் சட்டியை ஹஸ்மா தலையில் கவிழ்த்திருப்பேன்.

வயிறு வெட்டிக்கொண்ட பெண்களுக்கென்று வாட்ஸாப்பில் ஒரு குழு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாரும் எடையைப் போடுவார்கள். நான் வெட்கத்தில் போடுவதை நிறுத்தியிருந்தேன். அந்த வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'மூன்று மாதம் நின்றிருந்தது. திங்களும் வியாழனும் சுன்னத்தான உபரி நோன்பு பிடித்தேன். ஒரே மாதத்தில் நாலு கிலோ. நன்மையும் கிடைத்தது, எடையும் போனது.'

அதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. போன ரமலான் என் ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் பிறந்தது. நோன்பு கூடாது என்று சொல்லிவிட்டார்கள், முப்பதும் விட்டுப்போயிற்று. அடுத்த ரமலானுக்குள் அந்த முப்பதையும் நான் பிடித்து ஈடுகட்ட வேண்டும். இதை எப்படி மறந்தேன்? அல்லாஹ்வுக்குச் சேரவேண்டிய முப்பது நாளை வைத்துக்கொண்டு, எடை ஏன் இறங்கவில்லை என்று நான் ஊர் முழுக்கக் கேட்டுத் திரிகிறேன். எண்பத்தாறில் என்னை நிறுத்தியது யார் என்று அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

திங்களும் வியாழனும் எனக்குப் போதவில்லை. வாரத்தில் ஐந்து நாள் பிடித்தேன். என் கணவர் பஹாரோம் சாதுவான மனிதர். மூன்றாம் நாள் விடியுமுன் நான் ஸஹர் சாப்பிடும்போது எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"டியா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அல்லாஹ்வோட நோன்புக்கு டாக்டர் கிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமா, அபாங்?"

"அப்படி இல்ல. பள்ளிவாசல் உஸ்தாஸ்கிட்டயாவது கேக்கலாம். உடம்பு சரியானப்புறம் பிடிக்கலாம்னு இருக்கே."

"என் உடம்புக்கு என்ன? நல்லாத்தானே இருக்கேன். நீங்க போய்த் தூங்குங்க."

அவர் போய்விட்டார். அவரை வாயடைக்க வைப்பது எனக்குப் பழக்கம். இர்தினா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. டயாலிசிஸுக்கு வேனில் போகும்போது கேட்டாள்.

"நோன்பு பிடிக்கலாம்னு அந்த மிஸ் சொன்னாங்களா மா?"

"சொன்னாங்க."

"நெஜமா?"

"உன்கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

வெட்டாத முழு வயிறாக இருந்தால் ஸஹரில் மூன்று டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழலாம். என் வயிற்றில் ஒரு வாய்க்கு மேல் ஊற்றினால் நெஞ்சிலேயே நிற்கும், வாந்தி வரும். நோன்பு திறந்த பிறகும் அதே கதைதான். உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து, தூங்கப் போவதற்குள் ஒரு சின்னப் பாட்டில் காலியானால் பெரிது. சரி, சாப்பாட்டைத்தானே குறைக்க வேண்டும், தண்ணீரில் என்ன இருக்கிறது என்று விட்டேன். நோட்டில் தண்ணீருக்கு ஒரு பகுதி இருக்கும், டம்ளருக்கு ஒன்றாக எட்டுக் கட்டம். குடித்ததாக எட்டிலும் கோடு போட்டேன். எதையும் மறைக்கவில்லை என்று மிஸ் யாப்பிடம் எகிறியவள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த நோட்டை நீட்டினேன்.

ஆனால் எடை இறங்கியது. எண்பத்தைந்து, எண்பத்து மூன்றரை, எண்பத்திரண்டு. "பாத்தீங்களா, பொறுமையா இருந்தீங்க, நடந்துடுச்சு" என்று மிஸ் யாப் கைதட்டினாள். முப்பது நோன்பும் முடிந்தது, நான் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு கிலோதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். சிறுநீர் கறுத்த டீ மாதிரிப் போனது. இடுப்புக்கு மேலே பின்பக்கம் குத்தியது. வேன் சீட் தேய்ந்துவிட்டது என்று ஒரு தலையணை வாங்கிப் போட்டேன். ஒருநாள் சிக்னலில் வலியில் கண் இருட்டி, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். வேனுக்குள் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

எழுபத்தொன்பது புள்ளி எட்டு வந்த அன்று இர்தினா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கைகள் இரண்டும் என் முதுகுக்குப் பின்னால் சேர்ந்தன. சின்ன வயதிலிருந்து அவளுக்கு என்னைச் சுற்றிக் கை எட்டியதே இல்லை. அன்றைக்கு எனக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

"மா, ஆபரேஷன் முடிஞ்சதும் நான் வேலைக்குப் போவேன்" என்றாள். "சம்பளத்துல வேன்ல உனக்கு நல்ல சீட் போட்டுத் தர்றேன்."

மறுபடி எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். முடிவு கேட்க நாங்கள் மூன்று பேரும் போனோம். டாக்டர் கமாருல் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தி சொல்கிறவர் அவ்வளவு நேரம் திரையைப் பார்க்க மாட்டார்.

"புவான் நோர்மாடியா, எடை சரியா இருக்கு."

"அப்போ தேதி குடுங்க டாக்டர்."

"ரெண்டு கிட்னியிலயும் கல் இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல. ரத்தத்துலயும் கிட்னி சோர்ந்துபோனது தெரியுது. போன தடவை சுத்தமா இருந்துச்சு. தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். எட்டுக் கட்டம், எட்டுக் கோடு. அவர் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பஹாரோம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்து என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார், எனக்குத் தெரியும்.

"நோன்பு பிடிச்சேன் டாக்டர்" என்றேன். "விட்டுப்போன முப்பதும். அதுக்கு மேலயும்."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் நோன்பு பிடிக்கிறவன்தான். முடியாதவங்களுக்கு அல்லாஹ்வே தவணை குடுத்திருக்கான். நீங்கதான் உங்களுக்குக் குடுத்துக்கல."

"கல்லை எடுத்துட்டு அப்புறம் கிட்னியை எடுக்கலாம்ல?"

"கல்லை எடுத்துடலாம். ஆனா இது மறுபடி மறுபடி கல்லு வர்ற உடம்பு ஆயிடுச்சு. ஒத்தைக் கிட்னியோட உங்களை வீட்டுக்கு அனுப்ப எந்த டாக்டரும் ஒத்துக்க மாட்டாங்க. உங்க பேரை எடுத்துட்டோம். இர்தினா காத்திருக்கிறவங்க பட்டியல்ல இருக்கட்டும்."

அந்தப் பட்டியல் எனக்குத் தெரியும். யாராவது செத்து, அவர்கள் வீட்டார் மனம் வைத்து, அதுவும் பொருந்த வேண்டும். டயாலிசிஸ் அறையில் பதினாலு வருடமாகக் காத்திருக்கிற ஒருவர் இர்தினாவுக்கு அடுத்த கட்டில். நான் டாக்டரிடம் என்னென்னவோ சொன்னேன். கெஞ்சினேன், சண்டைகூடப் போட்டேன் என்று பஹாரோம் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், இனி ஒரு நாள்கூடத் தவறக் கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டை இர்தினா கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பஹாரோம் மருந்து வாங்க வரிசையில் நின்றார். நான் வேனில் போய் உட்கார்ந்தேன். இர்தினா ஆஸ்பத்திரிக் கடையிலிருந்து ஒன்றரை லிட்டர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் ஏறினாள். பாட்டில் வெளியெல்லாம் வியர்த்திருந்தது. மூடியைத் திருகி என் கையில் வைத்தாள்.

"குடி."

"டினா, நான் உனக்காகத்தான்டீ..."

"தெரியும். குடி மா."

"என்னைத் திட்டு. ரெண்டு அடிகூட அடி."

"உன்னைக் குடிக்கச் சொன்னாங்க" என்றாள். அவள் குரல் ஏறவே இல்லை. "என்னைக் குடிக்காதேன்னாங்க. கனவுல கூட எனக்குத் தண்ணிதான் வரும், தெரியுமா? நீ கட்டத்துல கோடு போட்டு ஏமாத்தியிருக்கே."

ஊரையே வாயால் ஜெயித்தவள் நான். பாட்டிலைத் தூக்கி ஒரு வாய் குடித்தேன். நெஞ்சில் நின்று, மெதுவாக இறங்கியது. அடுத்த வாய்க்குக் காத்திருந்தேன். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் ஒவ்வொரு வாயாக விழுங்க விழுங்க, அவள் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.