சாமரத்துக்கு மொட்டை

மாமியார் கண் ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று மருமகளிடம் ஒப்படைத்துப் போனது ஒரே ஒரு பொறுப்பைத்தான். அதற்கு நான்கு கால், ஒரு வால், நடந்தால் தரையைப் பெருக்கிக்கொண்டே போகிற வெள்ளை முடி. பெயர் சாமரம். பெயர் வைத்ததும் மாமியார்தான்.

புண் ஆறும்வரை நாய்முடி கண்ணருகே வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்குவதாக ஏற்பாடு. வாசலில் நின்று செருப்பைக் காலால் துழாவிக்கொண்டே மாமியார் சொன்னாள்:

"தினம் சீவணும். நீ வேலைக்கு ஓடற அவசரத்துல அள்ளி முடியற தலை இல்ல அது. பொறுமையா சீவணும்."

"சரி அத்தை."

"சரின்னு வாய்தான் சொல்லுது."

மருமகளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. வெந்து வெளியே வருகிற படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க நின்றபடி மடித்து அடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கை தன்னுடையதா, யாரிடமாவது இரவல் வாங்கியதா என்றே தெரியாது. அந்தக் கையால்தான் சாயங்காலம் சீப்பை எடுத்து நாயின் முதுகில் நாலு இழுப்பு இழுப்பாள். சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவாள்.

விடுமுறை நாளன்று நாயிடமிருந்து ஒரு வாடை வந்தது. குளிப்பாட்டிவிடுவோம் என்று குளியலறைக்குத் தூக்கிப்போய் வெந்நீர் ஊற்றி, நுரை போகக் கழுவி, துண்டால் துவட்டி வெயிலில் விட்டாள். அங்கேதான் வந்தது வினை. காய்ந்த பிறகு சீப்பை வைத்தால் இறங்கவே இல்லை. காதுக்குப் பின்னால், அக்குளில், வயிற்றில், எங்கே விரலை விட்டாலும் முடி கட்டிப்போய்க் கிடந்தது. மேலே பட்டு, அடியில் தடித்த கம்பளம். ஒரு முடிச்சைப் பிரிக்கப் பார்த்ததும் சாமரம் கீச்சென்று கத்தி மேசைக்கு அடியில் ஓடிவிட்டது.

கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்த பெண்ணுக்கு எதிலும் ஆச்சரியம் இல்லை.

"முடிச்சோடவே குளிப்பாட்டிட்டீங்களா?"

"ஆமாங்க. தெரியாம..."

"தண்ணி பட்டா இன்னும் இறுகிடும்மா. இனிமே சீப்பு ஏறாது, மழிச்சுத்தான் எடுக்கணும். எங்ககிட்ட அடுத்த வாரம்தான் இடம் இருக்கு."

"அதுவரைக்கும் அப்படியே விடலாமா?"

"வாடை வருதா?"

"வருது."

"அப்போ விடாதீங்க. அடியில புண்ணு இருக்கும். கத்திரி மட்டும் வெக்காதீங்க, தோல் வந்துடும். மெஷின் இருந்தா அதுல பாருங்க."

வீட்டில் இருந்த மெஷின் ஒன்றுதான். கணவனுடையது. வாடகைக் கார் ஓட்டிவிட்டு வந்து சட்டைகூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தவன், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"என் தாடி மெஷினா? அப்புறம் அத நான் எப்படி மூஞ்சில வெக்கறது?"

"வெக்காதீங்க. தாடி வளத்துக்கோங்க."

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து நாயை நிறுத்தினார்கள். அவன் பிடித்துக்கொண்டான், அவள் மழித்தாள். அது தாடிக்குப் பிறந்த மெஷின். இந்தக் கம்பளத்தைக் கண்டதும் திணறியது. கொஞ்சம் ஓடும், சூடேறும், நிற்கும். சூட்டைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்குவாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது. நடுவில் விடவும் முடியாது. பாதி மழித்த நாயை என்ன செய்வது?

விலாப்பக்கம் ஒரு பெரிய கட்டி அப்படியே பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதன் உள்ளே பச்சை நிறத்தில் ஏதோ தெரிந்தது. பிரித்துப் பார்த்தாள். கம்பளி நூல். போன குளிர்காலத்தில் மாமியார் நாய்க்குப் போட்டுவிட்ட பச்சைச் சட்டையின் நூல்.

மெஷினை அணைத்துவிட்டு அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குளியலில் விழுந்த முடிச்சு இல்லை இது. தினமும் ஜன்னலோரம் மாமியார் நாயை மடியில் வைத்துச் சீவுவது அவள் கண்முன் வந்தது. சீப்பு மேலோடு மேலாகப் போய் வரும். அடியில் என்ன இருக்கிறது என்று அந்தக் கண்ணுக்கு எத்தனை மாதமாகத் தெரியவில்லையோ!

அக்குள் முடி போனதும் தோல் ரத்தச் சிவப்பாக இருந்தது. கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மா வந்தா நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. பேசாம உண்மையச் சொல்லிடு. அவங்க சீவின லட்சணம்தான் இதுன்னு."

"கண்ணு தெரியாதவங்களப் பாத்து, உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"அதுக்காக பழிய நீ ஏத்துப்பியா?"

"தண்ணி ஊத்துனது நான்தானே. பிடிங்க, நழுவுது."

வேலை முடிந்தபோது மேசையில் இருந்தது எலிக்கு அண்ணன் மாதிரி ஒரு பிராணி. தரையில் கிடந்த முடியைக் கூட்டி அள்ளினால் இன்னொரு நாயே செய்யலாம். சாமரம் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, துண்டின் மேலேயே சுருண்டு தூங்கிப்போனது.

மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினாள். ஓடிவந்து காலை நக்கியதைக் குனிந்து பார்த்தாள்.

"யார் வீட்டு நாய் இது?"

குரலைக் கேட்டதும் அது வாலை ஆட்டியது.

"அடிப்பாவி! மொட்டையடிச்சிட்டியே!"

"குளிப்பாட்டினேன் அத்தை. முடிச்சு விழுந்துடுச்சு. எடுக்க முடியல."

"ஒரு வேலை, ஒரே ஒரு வேலை உன்னை நம்பிக் குடுத்தேன்!"

அன்று முழுக்க வசவு ஓயவில்லை. கணவன் இரண்டு முறை வாயைத் திறந்தான்; அவள் பார்த்த பார்வையில் இரண்டு முறையும் மூடிக்கொண்டான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அதற்கப்புறம் மாமியார் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். "டீ வேணுமான்னு கேளுடா" என்று மகன் வழியாகத்தான் எதுவும் வரும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அது தொடர்ந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாமரம் மல்லாந்து கிடந்தது. அதன் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்து, அக்குளில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"இங்க வா" என்றாள், தலை நிமிராமல். "இது நீ குளிப்பாட்டினதுல வந்த புண்ணு இல்ல."

மருமகள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"இங்க பாரு, ஓரமெல்லாம் ஆறித் தழும்பாயிருக்கு. நடுவுல மறுபடி கிளம்பியிருக்கு. ரொம்ப நாளா இருந்திருக்கு. உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

மாமியார் யோசித்தாள். "மாட்டேன். இன்னும் ரெண்டு வார்த்தை சேத்துத் திட்டியிருப்பேன்."

நாயின் காலை மெல்லக் கீழே விட்டாள். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்: "சீவும்போதெல்லாம் முனகும். செல்லம் கொஞ்சுதுன்னு நெனச்சேன். நானும் பதிலுக்குக் கொஞ்சுவேன். அது வலியில முனகியிருக்கு."

மருமகள் பையை இறக்கி வைத்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் இனி எழுந்திருக்க முடியாது என்று பட்டது. மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

"முடி வளர வேணாம். குட்டையாவே இருக்கட்டும்" என்றாள் மாமியார்.

"சரி அத்தை."

"இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. லீவு கெடைக்குமா உனக்கு? நீ கூட வா. என் பொண்ணு, டாக்டர் சொல்றதுக்கெல்லாம் தலையத்தான் ஆட்டறா, ஒண்ணும் கேக்க மாட்டேங்கறா."

லீவு என்றதும் மேற்பார்வையாளரின் முகம் மருமகளின் நினைவுக்கு வந்தது. அவரிடம் போய் நிற்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். அவர் பெருமூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"கேட்டுப் பாக்கறேன் அத்தை" என்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேளு. இப்போ அப்படியே கொஞ்சம் கண்ணசரு. டீ நான் போடறேன்."

சமையலறையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. சர்க்கரை டப்பாவை இடம் மாற்றி வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.