ஊரைக் கூப்பிட்ட குரல்

ஒலிபெருக்கிக்குக் கரண்ட் எடுக்க, அடுப்படி ஜன்னல் வழியாக வயரை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தார்கள். சுதர்ஷினி அப்போது பிள்ளைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நிற்கக்கூடப் பழகாத பிள்ளையின் சாவுக் கேதத்துக்கு மைக் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு வீட்டுப் பிள்ளையென்றால் நாலு பேர் ஏந்திக்கொண்டு போய், மண்ணைத் தள்ளி, மத்தியானத்துக்குள் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். இது தினேஸின் பிள்ளை. தினேஸ் தோட்டத்தின் குரல். குரலின் வீட்டிலேயே மைக் கட்டாவிட்டால் சங்கத் தலைவர் அழகையா எதில் பேசுவார்?

பசறைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தினேஸுக்கு ஃபெக்டரியில் வேலை. ஆனால் அவனுடைய மதிப்பு திருவிழாவில்தான் இருந்தது. உபயகாரர்களின் பெயர்களை அவன் மைக்கில் வாசித்தால், ஒரு தேங்காய் கொடுத்தவன்கூடத் தேரையே செய்து கொடுத்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். கல்யாணமோ கருமாதியோ, அவன் வாயால் சொன்னால்தான் அது நடந்ததாகக் கணக்கு.

போன வருஷம் பதுளையிலிருந்து ஒரு திட்டம் வந்தது. சின்னமுத்துக்கு, அதாவது தட்டம்மைக்கு, தடுப்பூசி போடப் பிள்ளைகளைக் கொண்டுவரத் தாய்மார் தயங்குகிறார்கள் என்று பெரிய அதிகாரிகள் கண்டுபிடித்திருந்தார்கள். முதலில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். அது கடையில் வடை சுற்றப் போய்விட்டது. பிறகு ஒரு கூட்டம் போட்டு, ஒவ்வொரு தாயையும் அவள் பிள்ளையின் பெயரைச் சொல்லி, பழகிய குரலில், போனில் கூப்பிடுவது என்று முடிவெடுத்தார்கள். குரல் தேடி வந்த அதிகாரி கஜரூபன் யாழ்ப்பாணத்துக்காரர். தினேஸ் பேசியதைக் கேட்டதும் தேடிய புதையல் கிடைத்த மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பதுளையில், சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஒரு ஒலிப்பதிவு அறையில் தினேஸை உட்காரவைத்து, தோட்டந் தோட்டமாகப் பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கவைத்தார்கள். எல்லாருக்கும் பொதுவான பேச்சை மட்டும் கஜரூபன் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு வரி, "எம் மகளுக்கு நான் ஊசி போட்டுட்டேன்" என்று இருந்தது. மகளுக்கு அப்போது அந்த ஊசி போடுகிற வயதே வரவில்லை. தினேஸ் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இந்தப் பதிவு வெளியில போகேக்க போட்டிருப்பியள்தானே, தம்பி" என்றார் கஜரூபன்.

அறையிலிருந்த எல்லாரும் நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு வாசித்தான்.

அந்த அழைப்பு சுதர்ஷினிக்கும் வந்தது. பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு போனை எடுத்தாள். "வணக்கம், யதுஷிகாவோட அம்மா. நான் தினேஸ் பேசுறேங்க" என்றது போன். வீட்டில் ஒருநாளும் அவளுக்கு அத்தனை மரியாதை கிடைத்ததில்லை. சிரிப்பு வந்து, மகளின் காதிலும் வைத்துக் காட்டினாள்.

ஆனால் கிளினிக் நாளில் அவள் போகவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிற மூத்த மகனுக்கு ஊசி போட்ட அன்று காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, கண் மேலே செருகிக்கொண்டது அவள் நெஞ்சைவிட்டுப் போகாதிருந்தது. மிட்வைஃப் அது ஆபத்தில்லை என்று எவ்வளவோ சொன்னார். அடுத்த கிளினிக்குக்குப் பார்ப்போம் என்றாள் சுதர்ஷினி. பார்ப்போம் என்றான் தினேஸும். அடுத்ததற்கும் அப்படியே. பசறைப் பக்கத்துத் தாய்மாரையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன், ஒரே பாயில் படுத்திருந்தவளிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் அவன் பேசிவிடக்கூடாதே என்றுதான் இருந்தாள்.

பிறகு பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவந்து பொரிந்தது. அம்மா வந்திருக்கிறது என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கியபோதுதான் ஆட்டோவுக்கு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். நெஞ்சுச் சளி அதற்குள் முற்றியிருந்தது.

கஜரூபன் மலர்வளையத்தோடு வந்து இறங்கினார். வளையத்தின் குறுக்கே, திட்டத்தின் பெயர் அச்சிட்ட ரிப்பன். பிள்ளையின் காலடியில் வைத்துவிட்டு, பெயர் மடிந்திருப்பதைக் கண்டு கைப்பழக்கத்தில் நீவி நேராக்கினார். அப்புறம் அவருக்கே என்னவோ ஆகி, எழுத்து வெளியே தெரியாதபடி திருப்பிவிட்டார். கண் கலங்கித்தான் இருந்தது. தினேஸைக் கதவோரம் அழைத்துப் போய் மெதுவாகப் பேசினார். அதிகாரிகள் மெதுவாகப் பேசினாலும் லயத்துக் காம்பராவின் சின்ன அறையில் கேட்கும்; பெண்கள் ஒப்பாரியில் இருந்ததால், கதவுப் பக்கமிருந்த சுதர்ஷினிக்கு மட்டும் கேட்டது.

"இப்ப ஒண்டையும் வெளியில விட வேண்டாம், தம்பி. நீங்களே போடேல்லை எண்டு தெரிஞ்சா சனம் பிறகு ஒருத்தரையும் நம்பாது."

தினேஸ் தலையாட்டினான். சுதர்ஷினி பிள்ளையின் சட்டை நுனியை இழுத்துவிட்டாள்.

பக்கத்துக் காம்பரா பெரியாயி, மடியில் மகனோடு, அவள் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, எல்லாரும் கைவிட்ட பிறகு பிறந்த மகன். அவன் செத்த பிள்ளையின் வளையலைப் பார்த்துக் கையை நீட்டினான். பெரியாயி அந்தக் கையைப் பிடித்து மடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கி இவனுக்குக் கிளினிக்கு. நா போகல, சுதா" என்றாள். "ஊசி போட்ட புள்ளைக்கே இப்பிடின்னா, அப்பறம் என்னத்துக்கு?"

சுற்றியிருந்த பெண்கள் ஆமோதித்தார்கள். தானும் போகப்போவதில்லை என்றாள் ஒருத்தி. அந்த ஊசியேதான் பிள்ளையைக் கொண்டுபோயிருக்கும் என்றாள் இன்னொருத்தி, யாரையும் பார்க்காமல். கதவோரம் நின்ற கஜரூபனின் காதில் எல்லாம் விழுந்தது. வாயைத் திறந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெளியே தலைவர் தொடங்கியிருந்தார். பேச்சு பிள்ளையில் ஆரம்பித்து, நாள் சம்பளத்தைத் தொட்டு, போன தேர்தலில் தனக்கு நடந்த துரோகத்தில் கொஞ்ச நேரம் நின்று, யாரோ ஜாடை காட்டவும் பிள்ளைக்கே திரும்பியது. முறைப்படி தடுப்பூசி போட்டு வளர்த்த தளிரையே காலன் பறித்துக்கொண்டான் என்றால், விஞ்ஞானம் விதியின் முன்னால் எம்மாத்திரம் என்று கேட்டார். எதிர்மலை அதை இன்னொரு தடவை கேட்டது. கூட்டத்தில் பல தலைகள் அசைந்தன.

பிள்ளையைச் சுற்ற வெள்ளைத் துணி எடுக்க தினேஸ் உள்ளே வந்தான். சுதர்ஷினி துணியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றீங்களா, நா சொல்லட்டா?"

எதை என்று அவன் கேட்கவில்லை. பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "ஒன்னயத்தான் பேசுவாங்க. பெத்தவளே கொன்னுட்டான்னு."

"பேசட்டும்."

"என்னயும் பேசுவாங்க."

"பேசத்தாங்க செய்வாங்க." அவள் பெரியாயியின் மடியைப் பார்த்தாள். "அதுக்கு ஒன்னும் ஆயிரக்கூடாது."

துணியை விட்டாள். அவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

தலைவர் ஒரு முன்னுரையோடுதான் மைக்கைக் கொடுத்தார். தினேஸ் வாங்கி, பாழாய்ப்போன பழக்கத்தில், விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. உள்ளேயிருந்த சுதர்ஷினிக்கு அவன் மூச்சு விடுவது மட்டும் ஊருக்கே கேட்கிற அளவில் கேட்டது.

"எம் மகளுக்கு ஊசி போடல" என்றான்.

திருவிழாக் குரலில்லை. அடுப்படியில் தண்ணீர் கேட்கிற குரல்.

"போட்டுட்டேன்னு ஒங்க எல்லாருக்கும் போன்ல சொன்னேன். போடல. பயந்துகிட்டு ரெண்டு பேருமே கொண்டு போகல. சின்னமுத்துலதான் போயிருச்சு. ஊசி போட்டிருந்தா…" நிறுத்தினான். "நாளைக்கி கிளினிக்கு. புள்ளைங்கள கொண்டு போங்க."

மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோயிருப்பான் போல. அது வீறிட்டது. யாரோ வயரைப் பிடுங்கினார்கள்.

காம்பராவுக்குள் சுதர்ஷினியின் தோளிலிருந்த கை மெதுவாக விலகியது. பெரியாயி மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டிப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டார்கள். வெளியே ஒரு கிழவன் தினேஸுக்குக் கேட்கும்படியாகத் துப்பினான். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு அவசரமாக ஹாலிஎலவில் ஒரு கூட்டம் இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டார். கஜரூபன் மட்டும் கடைசிவரை நின்று, வெயிலில், மேடு ஏறி, கூடவே போய் மண் போட்டார்.

பிள்ளையை தினேஸே ஏந்திக்கொண்டு போனான். அவள் லயத்து முனைவரை போய்த் திரும்பினாள்.

மறுநாள் காலையில் தோட்டத்து ரோடு வெறிச்சென்றிருந்தது. கிளினிக்குப் போகிறவர்கள் அவள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சுதர்ஷினி நிலைப்படியில் நின்றாள். ஒருத்தியும் வரவில்லை. யாரும் நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். தினேஸும் அதையேதான் நினைத்திருப்பான்; மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், ஒரு குடை தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வரிசையாகப் பெண்கள், பிள்ளைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, ரோட்டை விட்டுவிட்டு, ஈரச் செடிகளை இடுப்பால் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெரியாயி. வழுக்குகிற இடத்தில் ஒரு கையால் செடியைப் பிடித்து, மகனை மறுதோளுக்கு மாற்றினாள். கீழே சுதர்ஷினி நின்ற வாசலை ஒரு தடவை பார்த்தவள், பிள்ளையின் முகத்தை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

இந்தக் கதவு திறந்திருந்தால், திரும்பி வரும்போதும் அந்த வழுக்கலில்தான் இறங்குவார்கள்.

சுதர்ஷினி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். "பகல்ல எதுக்குச் சாத்துற?" என்றான் தினேஸ். அவள் இருட்டில் கதவோடு சேர்ந்து நின்றாள்.

வெயில் ஏறிய பிறகு ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலுக்கு நேரே வந்ததும் மெதுவானது. ஊசி போட்ட பிள்ளையொன்று வீறிட்டு அழுதது. தாய் அவசரமாக அடக்கப் பார்த்தாள், அது அடங்கவில்லை. அதைப் பார்த்து இன்னொன்றும் தொடங்கியது.

சுதர்ஷினி தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை.